ஆறி வரும் கைக்கு எந்த மட்டை?



மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி மண்டபத்தில் பூப்பந்துப் பயிற்சியை முடித்துவிட்டு வலையைச் சுருட்டிக் கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். அம்மாணவி மிதிவண்டியிலிருந்து விழுந்து வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டு, மாவுக்கட்டு அவிழ்த்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. சிறிது சிறிதாக விளையாடத் தொடங்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரங்கள் இருந்தன. பெண்கள் ஒற்றையர் பிரிவில் எங்கள் பள்ளிக்கு அவளைவிட்டால் ஆளில்லை.

“டீச்சர், பிள்ளை ரொம்ப சோர்ந்து போயிட்டா. நல்ல மட்டையா ஒன்னு வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எழுநூறு வெள்ளி வரைக்கும் செலவு செய்யலாம். எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

நூற்றைம்பது வெள்ளி மட்டையே போதும் என்றேன். அதுவும் இலேசானதாக, வளையும் தண்டு உடையதாக, நரம்பைத் தளர்வாகக் கட்டியதாக இருக்கட்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் அவருடைய மகளின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக அவர் எண்ணினார் போலும். அன்று நின்ற நிலையில் முழுமையாக விளக்க இயலவில்லை. அவருக்கும் அவரைப் போன்ற பெற்றோர்களுக்கும், பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பு வகிக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் அவ்விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறருக்கு அறிவுரை கூறுமுன் தான் செய்த தவற்றை ஒப்புக்கொள்வது ஆசிரியருக்கு அழகு.

1992ஆம் ஆண்டு கோலாலம்பூர் நெகாரா அரங்கில் மலேசியா தோமஸ் கிண்ணத்தை வென்றபோது நான் ஆறாம் ஆண்டு மாணவி. அந்த வாரம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் கையில் கிடைத்த பலகைத் துண்டையெல்லாம் மட்டையாக்கிக் கொண்டோம். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கல்லூரிக் குழுவில் ஆடினேன். அந்நாளில் நான் பயன்படுத்தியது தலைப்பக்கம் கனமான, விறைப்பான தண்டுடைய மட்டை. நரம்பு 26 பவுண்டு இழுவிசையில் கட்டப்பட்டிருக்கும். அந்த மட்டையால் ஸ்மேஷ் அடிக்கும்போது எழும் ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. ‘டென்னிஸ் முழங்கை’ என்றார் மருத்துவர். பெயர்தான் அப்படி, டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் முன்கைத் தசைகள், முழங்கை எலும்பின் வெளிமுனையில் தசைநாண் வழியாகப் பிணைந்துள்ளன. ஒரே அசைவை ஓயாமல் செய்யும்போது அந்தத் தசைநாண் நலிவடைகிறது. நாற்பது வயதையொட்டி இது அதிகம் காணப்படும். வெண்பலகையில் எழுதுவதும், நோட்டுப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகத் திருத்துவதும், மாலையில் மட்டை பிடிப்பதும் சேர்ந்தால் சொல்லவும் வேண்டுமா? தேநீர்க் கெண்டியைத் தூக்க முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. ஒரு வகுப்பின் கட்டுரைகளைத் திருத்த மூன்று இரவுகள் ஆயின.

நான்கு மாதங்கள் ஆட்டத்தை நிறுத்தி, பிசியோதெரபிப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். வலி குறைந்தது. பழைய மட்டையின் சட்டம் விரிசல் விட்டிருந்ததால் புதியது வாங்கக் கடைக்குச் சென்றேன். எதை வாங்கினேன் தெரியுமா? அதே வகை மட்டையை, அதே கனத்தில், அதே 26 பவுண்டு இழுவிசையில்! கடையில் அதைக் கையில் எடுத்தவுடன் எனக்கு மீண்டும் இருபத்தொரு வயதாகிவிட்டது. ஆனால், முழங்கைக்கு வயது குறையவில்லை. இரண்டே வாரங்களில் வலி திரும்பிவிட்டது; முன்னைவிடக் கடுமையாகவே வந்தது. மேலும் ஐந்து மாதங்கள் வீட்டில் இருந்தேன்.

இரண்டாம் முறை அந்தக் கடைக்குப் போனபோது, நரம்பு கட்டும் சீனப் பெரியவர் என் கையில் மாட்டியிருந்த முழங்கைப் பட்டையைப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் கேட்டார்: “சிக்கு, எந்தக் கையால் விளையாடப் போகிறீர்கள்? இந்தக் கையாலா? அப்படியென்றால் இந்தக் கைக்கு வாங்குங்கள்.” பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ விரிவுரைகளைக் கேட்டிருக்கிறேன். மட்டையைப் பற்றி நான் கேட்ட சிறந்த விரிவுரை இதுதான்.

என் கருத்தின் சாரமும் அதுவே. காயத்திற்குப் பின் வாங்கும் மட்டை, நாம் இழந்த கைக்கான நினைவுப் பரிசாக இருக்கக்கூடாது. நாளை பெற விரும்பும் கைக்கான முன்பணமாகவும் இருக்கக்கூடாது. இன்று தோளில் தொங்கும் கை எதுவோ, அதற்கானதாகவே இருக்க வேண்டும்.

இனி, மட்டையின் உறுப்புகள் கையை எவ்வாறு தாக்குகின்றன என்பதைப் பார்ப்போம். இது தெரிந்திருந்தால் விற்பனையாளரின் சொல்லில் மயங்க வேண்டியதில்லை.

முதலாவது, எடை. மட்டையின் கூம்பிலோ தண்டின் அடியிலோ 3யூ, 4யூ, 5யூ என்று அச்சிட்டிருப்பார்கள். பொதுவாக 3யூ என்பது 85 முதல் 89 கிராம். 4யூ என்பது 80 முதல் 84 கிராம். 5யூ என்பது 75 முதல் 79 கிராம். எண் கூடினால் எடை குறையும். ஐந்து கிராம் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஒரு மாலைப் பொழுதில் பல நூறு முறை வீசப்படும் பொருள் அது என்பதை மறந்துவிடக்கூடாது. அதற்காகக் கிடைப்பதிலேயே இலேசானதைத் தேடி ஓடுவதும் சரியன்று. மிகவும் இலேசான மட்டையில் பந்தின் அதிர்வைத் தாங்கும் நிறை குறைவு. வேகம் போதவில்லை என்று கையை இன்னும் பலமாக வீசத் தூண்டும். பெரியவர்களுக்கு 4யூ, சிறுவர்களுக்கு 5யூ என்பது நான் கண்ட நடுவழி.

இரண்டாவது, எடை எங்கே இருக்கிறது என்பது. இரு மட்டைகள் ஒரே எடையில் இருந்தாலும் ஒன்று தலைப்பக்கம் கனத்தும் மற்றொன்று சமநிலையிலும் இருக்கலாம். தண்டை ஒரு விரலின்மீது வைத்து நிறுத்திப் பாருங்கள். நிற்கும் புள்ளி தலையை நோக்கி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு தலைக்கனம். தலைக்கனமான மட்டை ஸ்மேஷுக்கு வலிமை தரும். ஆனால் வீசிய பின் அதை நிறுத்தும் வேலை முன்கைக்கும் தோளுக்கும் உரியது. ஆறி வரும் கைக்குச் சமநிலை மட்டையே உகந்தது.

மூன்றாவது, தண்டின் விறைப்பு. விறைப்பான தண்டு, கையை மிக வேகமாக வீசத் தெரிந்தவருக்கே பயன் தரும். வளையும் தண்டு பின்னால் வளைந்து மீண்டும் நிமிர்ந்து, மெதுவாக வீசும் கைக்கும் தன் பங்கிற்குச் சிறிது விசை சேர்க்கிறது. காயத்திற்குப் பின் வீச்சு வேகம் குறைந்திருப்பது இயல்பு. அந்நிலையில் விறைப்பான மட்டையைக் கொடுத்தால், பந்து பின்கோட்டை எட்டவில்லையே என்று பிள்ளை தோளை முறுக்கி அடிக்கத் தொடங்குவாள். அதிலிருந்து அடுத்த காயம் பிறக்கும்.

நான்காவது, நரம்பின் இழுவிசை. எழுநூறு வெள்ளி கொடுத்து மட்டை வாங்குபவர்கள் பலரும் கருத்தூன்றாத இடம் இதுதான். உலகத் தரத்து ஆட்டக்காரர்கள் 30 பவுண்டு அளவிலும் அதற்கு மேலும் கட்டுகிறார்கள் என்பதைக் கேட்டு, நம் பிள்ளைகளும் 27, 28 என்று கேட்கிறார்கள். இறுக்கமான நரம்பில் பந்தைத் துல்லியமாக நடுவில் அடித்தால்தான் பயன் கிட்டும். சற்றே விலகினாலும் அதிர்வு கைக்கு ஏறும். தளர்ந்த நரம்பு பந்தைத் தானே துள்ளச் செய்யும். நல்ல அடி கிடைக்கும் பரப்பும் விரியும். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கும் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் 18 முதல் 21 பவுண்டு போதுமானது. 26இல் ஆடிய நான் இன்று 21இல் ஆடுகிறேன். மானம் ஒன்றும் போய்விடவில்லை.

ஐந்தாவது, பிடி. யோனெக்ஸ் மட்டைகளில் ஜி4, ஜி5 என்று இருக்கும். எண் கூடினால் பிடி மெலியும். கைக்குப் பொருந்தாத மெல்லிய பிடியையும், வியர்வையில் வழுக்கும் பழைய பிடிநாடாவையும் நாம் அறியாமலேயே இறுக்கிப் பிடிக்கிறோம். அந்த இறுக்கம் நேராக முழங்கைத் தசைநாணுக்குச் செல்கிறது. நம் நாட்டு வெக்கையில், காற்றோட்டமில்லாத மண்டபத்தில், ஒரு பிடிநாடா எத்தனை நாள் தாங்கும்? சில வெள்ளிகளில் கிடைக்கும் புதிய நாடா சில வேளைகளில் புதிய மட்டையைவிடப் பெரிய உதவியைச் செய்யும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த மட்டையும் காயத்தை ஆற்றாது. ஓய்வும், படிப்படியான பயிற்சியும், தவறான வீச்சைத் திருத்திக் கொள்வதுமே ஆற்றும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் வழக்கு. வீச்சைத் திருத்தாமல் மட்டையை மட்டும் மாற்றிக் கொண்டே இருப்பவருக்கும் இது பொருந்தும். நல்ல மட்டை, ஆறுகின்ற கைக்கு இடையூறு செய்யாமல் ஒதுங்கி நிற்கும். அதனிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது.

அந்தத் தந்தை அன்று என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார். “டத்தோ லீ சோங் வெய்கூட காலில் அடிபட்டுத்தானே ஒலிம்பிக் ஆடினாரு?” உண்மைதான். 2012ஆம் ஆண்டு மே மாதம் வூஹானில் நடந்த தோமஸ் கிண்ணப் போட்டியில் அவருக்குக் கணுக்காலில் தசைநார்க் காயம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலண்டனில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஆனால், அப்போது அவருக்கு வயது 29. முழுமையாக வளர்ந்த உடல். ஒவ்வொரு நாளும் அவருடைய காலை ஆராய மருத்துவக் குழு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் மேடை. நம் பிள்ளைக்கு வயது 11. அடுத்த ஆண்டும் மாவட்டப் போட்டி வரும். அதே லீ சோங் வெய், 2018இல் மூக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, மீண்டும் ஆட முயன்று, 2019 ஜூன் மாதம் மருத்துவர்களின் அறிவுரையை ஏற்று ஓய்வை அறிவித்தார். பிள்ளைகளுக்கு 2012ஐ மட்டும் கதையாகச் சொல்லி 2019ஐச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடத்தை நடத்துவதற்கு ஒப்பாகும்.

ஸ்பெயின் நாட்டு வீராங்கனை கரோலினா மரினை எடுத்துக்கொள்வோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2019 ஜனவரியில் வலது முழங்காலில் தசைநார் கிழிந்து, அதே ஆண்டு செப்டம்பரில் சீனப் பொதுப் போட்டியை வென்று உலகை வியக்க வைத்தார். 2021இல் இடது முழங்கால் காயத்தால் தோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். 2024 ஆகஸ்டில் பாரிஸ் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாம் ஆட்டத்திலும் முன்னணியில் இருந்தபோது வலது முழங்கால் மீண்டும் கைவிட்டது. அவர் தரையில் அமர்ந்து அழுததைக் கண்டு நானும் கண் கலங்கினேன். உலகின் தலைசிறந்த கருவிகளும் பயிற்சியாளர்களும் உடனிருந்த வீராங்கனைக்கே காயம் திரும்பி வந்தது. எழுநூறு வெள்ளி மட்டை நம் பிள்ளையைக் காத்துவிடும் என்று நாம் எப்படி நம்புவது?

பிள்ளைகளின் எலும்பைப் பற்றியும் ஒரு சொல். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடு எனும் மென்மையான பகுதி உண்டு. மணிக்கட்டிலும் அது உண்டு. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். மேலும், மாவுக்கட்டுக்குள் பல வாரங்கள் அசையாமல் இருந்த கையில் தசை மெலிந்திருக்கும். மணிக்கட்டு மடங்கும் அளவும் குறைந்திருக்கும். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னால், எலும்பு கூடிவிட்டது என்பதே பொருள். கை பழையபடி ஆகிவிட்டது என்று பொருளன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெற்றோரும் ஆசிரியரும் அவசரப்படுகிறோம்.

எதிர்க்கருத்தையும் மதிக்கிறேன். விலையுயர்ந்த மட்டை பிள்ளைக்கு ஊக்கம் தருமே என்கிறார்கள். தரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊக்கத்தோடு ஒரு கடனும் பிள்ளையின் தலையில் ஏறுகிறது. அப்பா இவ்வளவு செலவு செய்திருக்கிறாரே, வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று அது தயங்கும். வலியை மறைக்கும் பிள்ளையைவிட ஆபத்தான நிலையில் இருக்கும் விளையாட்டாளர் யாருமில்லை. இலேசான மட்டைக்குப் பழகினால் பிறகு கனமானதற்கு மாற வேண்டியிருக்குமே என்றும் கேட்கிறார்கள். மாறட்டுமே! ஒன்றாம் ஆண்டில் கொடுத்த தடித்த பென்சிலை நான்காம் ஆண்டிலும் பிடித்துக் கொண்டா எழுதுகிறார்கள்?

ஆசிரியர்களாகிய நம்மீதும் குறை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நன்கொடையாளரோ பள்ளிக் குழுவிற்கு மட்டை வாங்கித் தரும்போது, பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வகை, ஒரே கனம், ஒரே இழுவிசை. படம் எடுக்க அழகாக இருக்கும். அடுத்த முறை அவற்றில் இரண்டை மட்டும் 5யூ எடையில், வளையும் தண்டோடு, 18 அல்லது 19 பவுண்டு இழுவிசையில் கேட்டு வாங்குவோம். காயத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்கும், புதிதாகச் சேரும் மெலிந்த பிள்ளைக்கும் அவை காத்திருக்கட்டும். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. வாங்கும்போது ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் போதும்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவளை இவ்வாண்டு மாவட்டப் போட்டிக்கு நான் அனுப்பவில்லை. எளிதாக எடுத்த முடிவன்று அது. அவள் ஆடியிருந்தால் அரையிறுதியாவது கிடைத்திருக்கும் என்று என் மனமும் கணக்குப் போட்டது. அவளுக்குப் பதிலாக ஆடிய நான்காம் ஆண்டு மாணவி முதல் சுற்றிலேயே தோற்றாள். பள்ளிக்கு அப்பிரிவில் ஒரு புள்ளியும் இல்லை. அவள் தந்தை சில வாரங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாணவியோ போட்டியன்று அரங்கின் ஓரத்தில் அமர்ந்து தன் தோழிக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டிக் கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பார்வையின்மை இன்னும் என்னை உறுத்துகிறது.

இருப்பினும், சென்ற மாதம் அவள் ஒரு புதிய மட்டையுடன் பயிற்சிக்கு வந்தாள். நான் சொன்ன வகைதான். வாரத்திற்கு இரு முறை. முதலில் சுவரோடு பத்து நிமிடம். பிறகு வலையருகே மெல்லிய அடிகள். ஸ்மேஷ் இப்போதைக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வலித்ததா? மூன்றாம் வாரம் அவள், “லேசா வலிச்சது டீச்சர், அதான் நிறுத்திட்டேன்” என்றாள். எந்தக் கிண்ணத்தைவிடவும் அந்தப் பதில் எனக்குப் பெரிது. தன் உடலின் குரலைக் கேட்டு, அதை அச்சமின்றிப் பெரியவரிடம் சொல்லக் கற்ற பிள்ளை, அறுபது வயதிலும் மட்டை பிடிப்பாள்.

ஆகவே பெற்றோர்களே, காயத்திற்குப் பின் மட்டைக் கடைக்குள் நுழையுமுன் பிள்ளையிடம் எந்த மட்டை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அது உண்மையான விடையைச் சொல்லும்வரை பணப்பையைத் திறக்க வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றார்கள் நம் முன்னோர். கைக்குத் தகுந்த மட்டை என்று நாம் சேர்த்துக் கொள்வோம்.